மீன் தொட்டியும் ஒரு கோடி லிட்டர் தண்ணீரும்



இந்தக் காலாண்டு இதழுக்கு ஏதாவது வரலாறு எழுதித் தாருங்கள் என்று நம் சங்கத்துச் செயலாளர் கேட்டார். நான் படித்தது பி.காம். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பேரேடு எழுதியவன். ராஜாக்கள் கதை எனக்கு வராது. ஆனால் என் வீட்டு மீன் தொட்டியைப் பற்றி உங்களுக்கு ஒரு கணக்கு ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்கப் போனபோதுதான் ஒரு வரலாறு கிடைத்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் மீன் வேண்டும் என்றான். இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கினேன். நம் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரையே பிடித்து நிரப்பி, அன்றைக்கே பத்து மீன்களை விட்டோம். நாலு கோல்டு ஃபிஷ், மற்றவை மோலியும் பிளாட்டியும். ஐந்தாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. கடையில் கேட்டபோது, "தண்ணியில பி.எச். கூடுதல் சார், இந்தச் சொட்டு மருந்தை விடுங்க" என்றார்கள். நிறம் மாறும் காகிதத்தை நனைத்துப் பார்த்தேன். எட்டுக்கு மேல் காட்டியது. மருந்தை விட்டேன். ராத்திரி ஏழுக்கு வந்தது. காலையில் பார்த்தால் மறுபடி எட்டு. மறுநாளும் விட்டேன், மறுநாளும் ஏறியது. ஒன்பதாம் நாள் முடிவதற்குள் எட்டு மீன்கள் போய்விட்டன. ஒவ்வொன்றாக எடுத்துச் செம்பருத்திச் செடியடியில் புதைக்கும்போது பேரன், "தாத்தா, மிச்சம் ரெண்டும் செத்துருமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்து நான் செய்ததுதான் தவறு. அந்த வாரச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரை அளவில்லாமல் கொட்டுகிறார்கள், அதனால்தான் மீன்கள் செத்தன என்று சொன்னேன். பம்ப் ஆபரேட்டர் தம்பி கதவோரம் நின்றுகொண்டிருந்தார். "சார், அளந்துதான் சார் போடுறேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நான் கேட்கவில்லை. குற்றச்சாட்டு கூட்டக் குறிப்பேட்டிலும் ஏறிவிட்டது.

இனி வரலாறு.

மஞ்சளும் சுண்ணாம்பும்

தண்ணீருக்குப் புளிப்புக் குணம், காரக் குணம் என்று இரண்டு உண்டு என்பது நம் வீட்டுப் பெண்களுக்கு எப்போதோ தெரியும். ஆரத்தித் தட்டில் மஞ்சளைக் கரைத்துத் துளி சுண்ணாம்பு சேர்த்தால் தண்ணீர் சிவந்துபோகிறது அல்லவா? காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். எலுமிச்சை பிழிந்தால் பழையபடி மஞ்சளாகும். கடையில் விற்கும் பி.எச். காகிதமும் இதே வேலையைத்தான் செய்கிறது, வேறு சாயத்தை வைத்து. இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் 1664-இல் நிறங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஊதாப்பூச் சாறு புளிப்பில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும் என்று அதில் பதிவு செய்தார்.

ஆனால் நிறம் "புளிப்பா, காரமா" என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. அந்த எண் பிறப்பதற்கு இன்னும் இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

கண்ணாடிக்குள் ஒரு கண்மாய்

நம்மில் அறுபதைத் தாண்டியவர்கள் சின்ன வயதில் கண்மாயில் துண்டை விரித்து மீன் பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்திருப்போம். மூன்றாம் நாள் தண்ணீர் நாறும், மீன் மிதக்கும். கண்மாயில் வாழ்கிற மீன் பாட்டிலில் ஏன் வாழவில்லை என்று நாம் யோசித்ததில்லை.

லண்டனில் ஒருவர் யோசித்தார். மருந்துத் தயாரிப்பாளர் சங்கத்தில் வேலை பார்த்த ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயனர். 1849-இல் ஒரு கண்ணாடித் தொட்டியில் மணலும் கல்லும் போட்டு, வேலிப்பாசி போன்ற ஒரு நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு கோல்டு ஃபிஷ்களை விட்டார். செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அழுகலைத் தின்பதற்கு நத்தைகளைச் சேர்த்தார். தண்ணீர் தெளிந்தது. தண்ணீரை மாற்றாமலே மாதக்கணக்கில் மீன்கள் உயிரோடு இருந்தன. 1850-இல் இதை ரசாயனச் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார். மீன் விடும் மூச்சு செடிக்கு, செடி விடும் மூச்சு மீனுக்கு என்பது அவர் கண்ட சமன்பாடு. நம் பாஷையில் சொன்னால், பற்றும் வரவும் நேராகிவிட்டது.

1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் முதல் பொது மீன் காட்சியகம் திறந்தார்கள். அதற்குத் துணை நின்ற பிலிப் கோஸ் என்பவர் 1854-இல் எழுதிய புத்தகத்தால் 'அக்வேரியம்' என்ற சொல் ஊரெல்லாம் பரவியது. வீட்டுக்கு வீடு தொட்டி வாங்கினார்கள். பத்து வருடத்தில் பெரும்பாலான தொட்டிகள் காலியாகிப் பரணுக்குப் போயின. வாங்கியவர்கள் பலருக்கு என் கதைதான் நடந்திருக்கும்.

வாரிங்டனின் சமன்பாட்டில் ஒரு பற்று எழுதாமல் விடுபட்டிருந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் அவருடைய மகனே.

இருபது நாள் காத்திருப்பு

மீன் கழிவிலிருந்தும் மிச்ச இரையிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். கண்மாயிலும் உண்டாகிறதே, அங்கே அது எங்கே போகிறது?

1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். நீளமான கண்ணாடிக் குழாயில் மணலையும் பொடித்த சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, சாக்கடைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முதல் இருபது நாள் ஒரு மாற்றமும் இல்லை. போன அமோனியா அப்படியே வெளியே வந்தது. இருபது நாளுக்குப் பிறகு அமோனியா குறைந்து, நைட்ரேட் என்ற உப்பு வர ஆரம்பித்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், வேலை நின்றுவிட்டது. மயக்க மருந்துக்கு நிற்கிறது என்றால் அது வெறும் ரசாயனம் இல்லை, உயிருள்ள ஏதோ ஒன்று செய்கிற வேலை என்று கண்டார்கள்.

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் இதைத் தொடர்ந்தவர் இன்னொரு ராபர்ட் வாரிங்டன். மீன் தொட்டிக்காரரின் மகன், அப்பா பெயரே அவருக்கும். இந்த வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது என்று அவர் காட்டினார். ஒரு வகைக் கிருமி அமோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. 1890-ஐ ஒட்டி ரஷ்யரான வினோகிராட்ஸ்கி அந்தக் கிருமிகளைத் தனியே பிரித்துக் காட்டினார்.

கண்மாய்ச் சேற்றில் இந்தக் கிருமிகள் எப்போதும் உண்டு. கடையிலிருந்து வந்த புதுத் தொட்டியில், கழுவிய கூழாங்கல்லில், புது ஃபில்டர் பஞ்சில் அவை கிடையாது. தானாக வந்து பெருகுவதற்கு மூன்று நான்கு வாரம் பிடிக்கும். நான் முதல் நாளே பத்து மீன்களை விட்டேன். பேரன் ஆசைக்கு இரையையும் அள்ளிப் போட்டோம்.

பூஜ்யங்களை எண்ணிய மனிதர்

இப்போது அந்த ஏழும் எட்டும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். அவை மீன் வளர்ப்பிலிருந்து வரவில்லை. பீர் தொழிற்சாலையிலிருந்து வந்தன.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவாலை 1875-இல் ஒரு ஆராய்ச்சிக்கூடம் தொடங்கியது. அங்கே ரசாயனப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் சோரன்சன். நொதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். புளிப்பு கொஞ்சம் மாறினாலும் நொதியின் வேகம் மாறியது. மொத்தம் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று கணக்கிட்டால் பலனில்லை. அதில் எவ்வளவு இப்போது வெளியே வந்து வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். வெளியே வந்து வேலை செய்வது ஹைட்ரஜன் அயனி. அதன் அளவோ மிக மிகச் சிறியது.

எவ்வளவு சிறியது? சுத்தமான தண்ணீர் ஒரு கோடி லிட்டர் எடுத்தால், அதில் ஒரே ஒரு கிராம் ஹைட்ரஜன் அயனி இருக்கும். கோடிக்கு எத்தனை பூஜ்யம்? ஏழு. சோரன்சன் 1909-இல் சொன்னது இதுதான்: எண்ணை எழுத வேண்டாம், பூஜ்யங்களை மட்டும் எண்ணுங்கள். அதனால் சுத்தத் தண்ணீருக்கு ஏழு. பத்து லட்சம் லிட்டரிலேயே ஒரு கிராம் இருந்தால் ஆறு. அது பத்து மடங்கு புளிப்பு. ஒரு கிராமைத் தேடப் பத்துக் கோடி லிட்டர் வேண்டுமென்றால் எட்டு. அது காரப் பக்கம்.

பி.காம். படித்த காலத்தில் கூட்டு வட்டிக் கணக்குக்கு லாகரிதம் அட்டவணையைப் புரட்டியவர்களுக்கு இது புரியும். ஏழுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று அல்ல, பத்து மடங்கு. நான் ஒரு ராத்திரியில் ஏழுக்கு இறக்கி, காலையில் எட்டுக்கு ஏறவிட்டேன் என்றால், அந்த மீன்களைப் பத்து மடங்கு மாற்றத்துக்குள் தள்ளி இழுத்தேன் என்று அர்த்தம்.

அதே 1909-இல் நம் சென்னையில் ஒன்று நடந்தது. மெரினாக் கடற்கரையில் மீன் காட்சியகம் பொதுமக்களுக்குத் திறந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதற்கு முன்முயற்சி எடுத்தவர். கோபன்ஹேகனில் சோரன்சன் எண் எழுதிய ஆண்டில்தான் சென்னைவாசிகள் கண்ணாடிக்குள் கடல் மீனைப் பார்த்தார்கள். அங்கே வேலை செய்தவர்களுக்குப் பி.எச். என்ற சொல் தெரிந்திருக்க நியாயமில்லை. கடல் எதிரிலேயே இருந்தது. கடல்நீர் எட்டை ஒட்டியே நிற்கும், எளிதில் அசையாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தக் காட்சியகத்தை மூடிவிட்டார்கள்.

எண் வந்தாலும் அதைப் பார்க்க நிறத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. 1934-இல் கலிபோர்னியாவில் ஓர் எலுமிச்சைச் சாறு நிறுவனத்தின் ரசாயனருக்குச் சிக்கல் வந்தது. சாறு கெடாமலிருக்கச் சேர்த்த கந்தகப் பொருள் லிட்மஸ் நிறத்தையே வெளுத்துவிட்டது. தன்னோடு படித்த ஆர்னால்டு பெக்மன் என்ற பேராசிரியரிடம் போனார். பெக்மன் மின்சாரத்தால் அளக்கும் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார். 1935-இல் அது விற்பனைக்கு வந்தபோது விலை 195 டாலர், ஒரு பெட்டி அளவு. இன்று அதுவே பேனா அளவில் சட்டைப் பையில் அடங்குகிறது.

எனக்கு அந்தப் பேனாக் கருவியைக் கொடுத்தவர் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கும் என் பழைய வாடிக்கையாளர் ஒருவர். அச்சுத் தகட்டை நனைக்கும் தண்ணீர் கொஞ்சம் புளிப்பாக, ஐந்தை ஒட்டி இருக்க வேண்டும், தவறினால் மை படியாது என்று அவர் வீட்டில் எல்லோருக்கும் அத்துப்படி. என் தொட்டிக் கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "சார், நம்ம ஊர்த் தண்ணிக்கு மருந்து விட்டா நிக்குமா? எங்க பிரஸ்ஸிலேயே போர் தண்ணிய ஊத்துனா புளிப்பு நிக்காதே!"

நம் மண்ணின் வைப்புத் தொகை

ஏன் நிற்காது என்பதற்குப் பதில் நம் காலடியில் இருக்கிறது. இங்கிருந்து சாத்தூர் போகிற வழியில் ஆர்.ஆர். நகர் சிமெண்ட் ஆலையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து அது ஓடுவதற்குக் காரணம் பந்தல்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை. நம் வட்டார மண்ணில் சுண்ணாம்பு உண்டு. மழைத்தண்ணீர் அதில் ஊறி இறங்கும்போது கரைத்துக்கொண்டு போகிறது. நம் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காததும், ஹீட்டர் கம்பியில் வெள்ளைப் படலம் கட்டுவதும் அதனால்தான்.

இந்தக் கரைந்த சுண்ணாம்பு தண்ணீரில் ஒரு வைப்புத் தொகை மாதிரி. அமிலம் என்ற செக் வரும்போதெல்லாம் இது பணம் கொடுத்துத் தீர்க்கும். வைப்பு இருக்கும்வரை பி.எச். பெரிதாக இறங்காது. நான் விட்ட மருந்து கொஞ்சம் சுண்ணாம்பைக் கரியமில வாயுவாக மாற்றியது. வாயு தண்ணீரில் கரைந்திருந்தவரை ஏழு காட்டியது. ராத்திரி முழுக்க ஏர் பம்ப் குமிழி விட்டு வாயுவை வெளியேற்றியது, காலையில் எட்டு. நான் மருந்து விட்டதெல்லாம் ஆழமான பெட்டகத்திலிருந்து சில்லறை எடுத்தது போல.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. அமோனியா முழுவதும் ஒரே மாதிரி விஷமல்ல. நம் ஊர் வெப்பத்தில் பி.எச். ஏழில் இருந்தால் அதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கொடிய வடிவில் இருக்காது. எட்டில் ஐந்தாறு பங்கு. ஒன்பதில் ஏறக்குறைய நாற்பது பங்கு. ஆகவே நான் ஒவ்வொரு ராத்திரியும் விஷத்தைத் தூங்க வைத்து, விடியலில் எழுப்பிவிட்டிருக்கிறேன்.

அப்படியானால் எட்டு கெட்டதா? இல்லை. மோலி, பிளாட்டி, கப்பி, கோல்டு ஃபிஷ் எல்லாமே எட்டை ஒட்டிய கடினத் தண்ணீரில் நன்றாக வாழும். சுண்ணாம்பு இருப்பது நல்லதும்கூட. அமோனியாவைத் தின்னும் கிருமிகள் தங்கள் வேலையில் அமிலத்தை உண்டாக்குகின்றன. வைப்பு இல்லாத தண்ணீரில் அந்த அமிலம் சேர்ந்து பி.எச். சடாரென்று இறங்கும், கிருமிகளின் வேலையும் நின்றுபோகும். ஷ்லோசிங் தன் குழாயில் சுண்ணாம்புக் கல் போட்டது அதற்காகவே. கேன் தண்ணீர் சுத்தம்தானே என்று ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுகிறவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு.

வீட்டில் தொட்டி வைக்கப் போகிறவர்களுக்கு

மீன் வாங்குவதற்கு முன்பே தொட்டியை நிரப்பி ஃபில்டரை ஓட விடுங்கள். ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் பழைய ஃபில்டர் பஞ்சு ஒரு துண்டு வாங்கிப் போட்டால் கிருமி விதை கிடைத்த மாதிரி. தயிருக்கு உறை ஊற்றுவதுதான் இதுவும். முதலில் இரண்டு மூன்று மீன் மட்டும். ஒரு மாதம் போகட்டும். இரையைக் கிள்ளிப் போடுங்கள், அள்ளிப் போடாதீர்கள். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். அந்தத் தண்ணீரை வாளியில் ஒருநாள் வைத்திருந்தால் பிளீச்சிங் வாடை போய்விடும்.

ஆற்றுத் தண்ணீர் வரும் வாரமும் போர் தண்ணீர் வரும் வாரமும் பி.எச். ஒன்றாக இருக்காது. ஒரே நாளில் முழுத் தொட்டியையும் மாற்றக் கூடாது என்பது அதற்காக. ஆர்.ஓ. ரிப்பேர்காரர் காட்டும் டி.டி.எஸ். கருவி வேறு, பி.எச். கருவி வேறு, முன்னது மொத்த உப்பை மட்டும் சொல்லும். பி.எச். ஏழரையோ எட்டோ, நின்ற இடத்தில் நிற்கட்டும். சொட்டு மருந்து வேண்டாம். மீன் திணறினால் முதலில் இரையை நிறுத்தி, கொஞ்சம் தண்ணீரை மாற்றி, அமோனியாவைச் சோதியுங்கள். பி.எச். காகிதம் அமோனியாவைக் காட்டாது. எனக்கு அது தெரியாமல் போயிற்று.

ஒரு திருத்தப் பதிவு

பேனாக் கருவி வந்த பிறகு ஆபரேட்டர் தம்பியைத் தேடிப் போனேன். மேல்நிலைத் தொட்டி அடியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எந்தத் தேதியில் எவ்வளவு பவுடர், எத்தனை மணிக்குப் போட்டது, எல்லாம் எழுதியிருக்கிறார். என் மீன்கள் சாக ஆரம்பித்த நாளுக்கு முந்தைய நான்கு நாளும் பவுடர் போடவே இல்லை. அந்தக் கையெழுத்தைப் பார்த்தபோது முப்பத்தைந்து வருடம் பேரேடு எழுதியவனுக்கு வெட்கமாக இருந்தது. வவுச்சரைப் பார்க்காமல் பற்று எழுதியவன் நான்.

"பரவாயில்ல சார், மிச்சம் ரெண்டு மீனும் இருக்கா?" என்றுதான் அவர் கேட்டார்.

இருக்கின்றன. இரண்டும் மோலி. பேரன் ஊருக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் முதலில் தொட்டியைத்தான் காட்டச் சொல்கிறான். சென்ற மாதம் குட்டிகள் போட்டிருக்கின்றன. தண்ணீர் எட்டிலேயே நிற்கிறது.

வங்கியில் தவறான பதிவை அடித்துத் திருத்தக் கூடாது. தவறு அப்படியே தெரிய வேண்டும். அதன் கீழே திருத்தப் பதிவு எழுத வேண்டும். ஆகவே செயலாளர் அவர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த கூட்டத்தில் குறிப்பேட்டில் என் புகாருக்குக் கீழே, "இது தவறு, தவறு புகார் செய்தவருடையது" என்று எழுதுங்கள். நான் எல்லோர் முன்னிலையிலும் கையெழுத்துப் போடுகிறேன். அன்று எந்தக் கூட்டத்தில் சொன்னேனோ, அதே கூட்டத்தில் ஆபரேட்டர் தம்பியிடம் மன்னிப்பும் கேட்கிறேன். நீங்களும் வந்திருந்தால் நல்லது.

மோலிக் குட்டிகள் வேண்டுபவர்கள் சொல்லி அனுப்புங்கள். தொட்டி ஒரு மாதம் ஓடியிருந்தால் மட்டும் தருவேன்.